சுட்ட தோட்டாவை வீட்டில் மீண்டும் நிரப்பலாமா?

கேள்வி: திருவிடைமருதூர் அருகே தோப்பு வீட்டில் வசிக்கிறோம். அப்பா வாங்கிய கான்பூர் .32 ரிவால்வர், முறைப்படி உரிமம் மாற்றப்பட்டு இப்போது என் பெயரில் இருக்கிறது. டெக்ஸாஸில் உள்ள என் மைத்துனர் .357 மேக்னம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிச் சுட்டுப் பழகுகிறார். தோட்டா விலையை நினைத்தால், நானும் சுட்ட காலிக் கூடுகளை நிரப்பலாமா என்று தோன்றுகிறது. அவர் எதை வைத்து அது பாதுகாப்பானது என்கிறார்? அப்பா காலத்துத் தோட்டாக்கள் சிலவும் உரக்கொட்டகை அலமாரியில் இருக்கின்றன. அவற்றைச் சுடலாமா?

பதில்: நிரப்பக் கூடாது, அந்தப் பழைய தோட்டாக்களைச் சுடவும் கூடாது. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதற்கான உரிமம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு தயாரிப்புக்குத் தனி உரிமம் கேட்கிறது. தோட்டாவின் உதிரிப் பாகங்களும் அதைத் தயாரிக்கும் கருவிகளும்கூட அந்தச் சட்டத்தின் பொருள் வரையறைக்குள் வருகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. மைத்துனர் அங்கே கடையில் வாங்கும் பிரைமரையும் (தோட்டாவின் அடியில் இருந்து தீப்பொறி தரும் சிறு மூடி) வெடிமருந்தையும் இங்கே ஒருவர் வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகிவிடும்.

சட்டம் தடுக்காவிட்டாலும் என் பதில் மாறாது. தோட்டா வெடிக்கும்போது கூட்டுக்குள் எழும் அழுத்தத்தைக் கண்ணால் பார்க்கவோ கையால் உணரவோ முடியாது. மைத்துனரின் பாதுகாப்பு அவருடைய கைத்திறமையில் மட்டும் இல்லை. வெடிமருந்து நிறுவனங்கள் அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழல்களில் சுட்டு அளந்து வெளியிடும் அட்டவணைகளில்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது. இன்ன எடையுள்ள குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து போகும் பகுதி), இன்ன பிரைமர், இன்ன மருந்து, தோட்டாவின் மொத்த நீளம் இவ்வளவு, தொடக்க அளவு இவ்வளவு, இதற்கு மேல் போகக் கூடாத அளவு இவ்வளவு என்று அந்த அட்டவணை சொல்கிறது. அவர் தொடக்க அளவில் சில தோட்டாக்களை மட்டும் நிரப்பிச் சுட்டுப் பார்த்து, சிறு சிறு படிகளாக ஏற்றிக்கொண்டு போவார். குண்டையோ பிரைமரையோ மாற்றினால் மீண்டும் அடியிலிருந்து தொடங்குவார். குண்டைக் கூட்டுக்குள் சற்று ஆழமாக அமுக்கினாலே உள்ளிருக்கும் இடம் குறைந்து அழுத்தம் ஏறிவிடும் என்பதால் நீளத்தையும் ஒவ்வொரு முறையும் அளப்பார். மருந்தின் அளவைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மேக்னம் தோட்டாவுக்கான மெதுவாக எரியும் சில மருந்துகளைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அவை ஒழுங்காகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடக்கூடும், அது தெரியாமல் அடுத்த விசையை இழுத்தால் குழல் பிளக்கும்.

சுட்ட கூட்டையும் பிரைமரையும் பார்த்து அழுத்தத்தைக் கணித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. பிரைமர் தட்டையாவது, தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையில் கூடு ஒட்டிக்கொண்டு வெளிவர மறுப்பது ஆகியவற்றை அவர்கள் அடையாளங்களாகச் சொல்வார்கள். ரிவால்வரில் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரிய வருகின்றன, சில சமயம் தெரியாமலே போகின்றன.

அவருடைய தோட்டாவும் உங்களுடையதும் ஒன்றல்ல. அவர் சுடும் .357 மேக்னம் 1935இல் வந்தது. அதற்கு முன்பிருந்த .38 ஸ்பெஷல் கூட்டையே ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீட்டினார்கள், பழைய .38 ரிவால்வருக்குள் இது நுழையவே கூடாது என்பதுதான் அந்த நீளத்தின் நோக்கம். அமெரிக்கத் தர அளவுப்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. உங்கள் ரிவால்வர் சுடும் .32 எஸ் அண்டு டபிள்யூ (ஸ்மித் அண்டு வெஸ்ஸன்) லாங் தோட்டாவுக்கோ 15,000தான். மேலும், கான்பூர் ரிவால்வர் வெப்ளி என்ற பழைய ஆங்கிலேய ரிவால்வரின் அமைப்பில் கீல் வைத்து நடுவில் மடங்கித் திறப்பது. ஒரே இரும்புச் சட்டமாக அமைந்த மேக்னம் ரிவால்வரின் தாங்குதிறனை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கூடுகள் கரிமருந்துக் காலத்தின் அளவில் அமைந்தவை. இன்றைய புகையில்லா மருந்து அதில் அடியில் கொஞ்சம் இடத்தையே நிரப்பும் என்பதால், கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வெளியே வழியாது, உங்களுக்குத் தெரியவும் தெரியாது. திருவிழா வேட்டு மருந்தையோ பட்டாசைப் பிரித்த மருந்தையோ போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் உங்கள் விரல்களைப் பற்றி யோசிக்கவில்லை என்று கொள்ளுங்கள். அவை எரியும் வேகத்துக்கும் தோட்டா மருந்து எரியும் வேகத்துக்கும் தொடர்பே கிடையாது. அவற்றுக்கு எந்த அட்டவணையும் இல்லை.

இனி அந்தப் பழைய தோட்டாக்கள். உரக்கொட்டகை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் எனக்குக் கவலை கூடியது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படை, மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்களில் தானாகவே விரிசல் விழுவதைக் கண்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் காற்றின் ஈரமும், இழுத்து வடிவமைக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து அதைப் பிளக்கின்றன என்பது 1920களில்தான் விளங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும் நம் டெல்டாவில், யூரியா மூட்டைக்குப் பக்கத்திலோ மாட்டுத் தொழுவத்தை ஒட்டியோ வைக்கப்பட்ட தோட்டாவுக்கு அதே கதிதான் நேரும். கழுத்துப் பகுதியில் மயிரிழை போன்ற கோடு, பச்சைக் களிம்பு, பிரைமரைச் சுற்றிக் கறை, இவற்றில் எது இருந்தாலும் அந்தத் தோட்டா உதவாது. எதுவும் தெரியாவிட்டாலும், அத்தனை ஆண்டுகள் அங்கே கிடந்ததை நான் நம்பமாட்டேன்.

அவற்றை வாய்க்காலில் எறியாதீர்கள், குழிவெட்டிப் புதைக்காதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். உரிமப் புத்தகத்துடன் காவல் நிலையத்துக்குச் சென்று எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலிக் கூடுகளையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். புதிதாக வாங்குவதைத் தோல் உறையிலோ தோல் கச்சையிலோ வைக்க வேண்டாம், தோல் பதனிடும் பொருள்களே பித்தளையை அரிக்கும். ரப்பர் விளிம்பிட்ட தகரப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் தோட்டாவில் படக்கூடாது. அது பிரைமருக்குள் கசிந்து அதைச் செயலிழக்கச் செய்யும்.

பயிற்சியின்போது விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பொறுத்த பிறகு திறந்து பாருங்கள். ஓசை வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அத்தோடு நிறுத்தி, தோட்டாக்களை அகற்றி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் மறுமுறை சுடக் கூடாது. பயிற்சிக்கு உரிமத்தில் குறித்த எண்ணிக்கை போதவில்லை என்றால், திருச்சி போன்ற இடங்களில் உள்ள ரைபிள் கிளப்பில் உறுப்பினராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். தோட்டா எண்ணிக்கையை உயர்த்தித் தரும்படி காரணத்தைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம்.