வேட்டைக்காரன்ர வளவுக்கு வாற முயல் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில, பொழுதுபட எங்கட வளவுக்குள்ள வாற மயிலையும் முயலையும் பற்றி நாலு வரி எழுதியிருந்தன். அதுக்கு வன்னிப்பக்கத்தில இருந்து வந்த கடிதங்களில கனக்க பேர் ஒரே விசயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டிருக்கினம், முந்தி வேட்டைக்குப் போன மனுசன் இப்ப அதே மிருகத்தை ஆசையா பாத்துக்கொண்டு இருக்கிறார், இது என்ன மாதிரி எண்டு. அதால இந்தமுறை முழுக்க அதுதான்.

கேள்வி: எங்கட அப்பாக்கு 71 வயசு. சண்டைக்கு முந்தி எங்கட பக்கத்தில அவரை மாதிரி மான் சுட்ட ஆள் இல்லையெண்டு இப்பவும் சொல்லுவினம். இப்ப பின்னேரம் அஞ்சரை ஆனா கதிரையைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிப்பக்கம் போயிடுவார். ரெண்டு முயல் வரும், அதுகள் நிக்கிற நேரம் வீட்டில ஒருத்தரும் சத்தமா கதைக்கக்கூடாது, குக்கர் விசிலடிச்சாலும் எங்களுக்குத்தான் பேச்சு. அண்ணா சொல்லுறார் இது நடிப்பு, செய்த பாவத்துக்குப் பயந்து இப்ப நல்லபிள்ளை ஆகிறார் எண்டு. எனக்கு அப்பிடித் தெரியேல்ல, ஆனா அண்ணாக்குப் பதில் சொல்லவும் தெரியேல்ல. (ஒட்டுசுட்டானில இருந்து ஒரு மகள்)

பதில்: பிள்ளை, உங்கட கடிதத்தை நான் மூண்டுதரம் வாசிச்சன், ஏனெண்டா எங்கட ஐயாவும் இப்பிடித்தான். நெடுங்கேணிக்கு அங்கால எங்கட வீடு, வேலிக்குப் பின்னால காடு. சின்னனில நான் அவரோட ஒரு அஞ்சாறு தரம் போயிருக்கிறன். வேட்டை எண்டா வெடிச்சத்தம்தான் எண்டு போகாத ஆக்கள் நினைக்கினம், ஆனா உண்மையில அது முழுக்க முழுக்க சும்மா இருக்கிற வேலை. ஆவணி புரட்டாசியில குளமெல்லாம் வத்த, காட்டுக்குள்ள தண்ணி நிக்கிற மோட்டை ஒண்டு ரெண்டுதான் மிஞ்சும், அதுக்குப் பக்கத்தில மரத்தில பரணைக் கட்டிப்போட்டு பொழுதுபட முன்னம் ஏறி இருந்தா விடியுமட்டும் இருமக்கூட ஏலாது. முதல் புறாக்கள் வரும், பேந்து காட்டுக்கோழி, இருண்டாப்போல முயல். பன்றி வாறது தூரத்திலயே கேக்கும். மான் மட்டும் தண்ணியைப் பாத்துக்கொண்டு பத்தைக்குள்ளயே கனநேரம் நிக்கும், ஒரு காலைத் தூக்கினபடி, காது ரெண்டும் ரெண்டு பக்கம் திரும்பினபடி. வெடி வைக்கிறது ஒரு நிமிசம். மிச்ச ராத்திரி முழுக்க உங்கட அப்பா செய்தது பாத்ததுதான் பிள்ளை. கனநாள் வெறுங்கையோட வந்திருப்பார், அண்டைக்கும் பாத்துத்தான் இருப்பார். இப்ப துவக்கு இல்லை, பாக்கிறது மிஞ்சிப்போச்சு, அவ்வளவுதான்.

பாவத்துக்குப் பயம் துளியும் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். ஐயா ஒருக்கா ஒரு பெண்மானைச் சுட்டுக்கொண்டு வந்து முத்தத்தில போட்டு உரிக்கேக்க மடியில இருந்து பால் வடிஞ்சது. வெள்ளையா, மண்ணில. அவர் கத்தியை வைச்சிட்டு எழும்பிப் போயிட்டார், அண்டைக்கு இரவு லாம்பைக் கொண்டு திரும்பவும் காட்டுக்குள்ள போனவர், குட்டியைத் தேடி. கிடைக்கேல்ல. அந்த இறைச்சியை அயலுக்குக் குடுத்தது, எங்கட வீட்டில அடுப்பேத்தேல்ல. அதுக்குப் பிறகும் அவர் வேட்டைக்குப் போனவர்தான், நான் மறைக்கேல்ல, அந்தக்காலத்தில தேனில ஊறின இறைச்சியும் வத்தலும் இல்லாட்டி மாரியில எங்களுக்குக் கறி இல்லை. ஆனா வளவுக்குள்ள வந்த மிருகத்துக்கு அவர் ஒருநாளும் துவக்கு நீட்டேல்ல. காட்டுக்குள்ள நான் அதின்ர இடத்துக்குப் போறன், இஞ்ச அது என்ர இடத்துக்கு வருது, வந்த ஆளை அடிக்கிறதோ எண்டு கேப்பார்.

இன்னொண்டும் யோசிச்சுப் பாருங்கோ. 2009இல எல்லாம் முடிஞ்சு, முகாமில இருந்து திரும்பி வரேக்க எங்கட வளவு எங்களுக்குத் தெரியேல்ல. வீட்டுக்குள்ளயே மரம். முயலும் மயிலும் அங்க குடியிருந்துதுகள், நாங்கள்தான் புதுசா வந்த ஆக்கள். உங்கட அப்பான்ர வயசு ஆக்களுக்கு அது மனசில நிக்கும்.

அண்ணாவை ஒருநாள் அப்பாவுக்குப் பக்கத்தில ஒரு கதிரை போட்டு இருத்துங்கோ. போனைத் தூக்காம. அந்த ரெண்டு முயலில எது கிடா, எது பெட்டை, எது எந்தப் பத்தையால வரும் எண்டு அப்பா சொல்லுவார். நடிக்கிற ஆளுக்கு அதெல்லாம் தெரியாது.

கேள்வி: விறகுக்குப் போன இவர் காட்டோரத்தில தனியக் கிடந்த புள்ளிமான் குட்டி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்திட்டார், தாய் இல்லையாம். பால்மா கரைச்சுக் குடுக்கிறன், குடிக்குது, பிள்ளையளுக்கும் நல்ல விருப்பம். வளர்க்கலாமோ? (மாங்குளம், ஒரு அம்மா)

பதில்: தங்கச்சி, கோவிக்காதேங்கோ, தாய் இல்லாம இல்லை, மேயப் போயிருக்கும். மான் குட்டியை ஈண்டு கொஞ்ச நாளைக்கு பத்தைக்குள்ள படுக்க வைச்சிட்டுத்தான் மேயப் போகும், இடைக்கிடை வந்து பால் குடுத்திட்டுத் திரும்பப் போகும். குட்டியில மணம் குறைவு, ஆடாம அசையாம கிடந்தா நரிக்கும் தெரியாது, அதால தாய் கிட்ட நிக்காததுதான் அதுக்குக் காவல். உங்கட மனுசன் கண்டது அதைத்தான். தூக்கிக்கொண்டு வந்தது நேற்றோ இண்டைக்கோ எண்டா, எடுத்த அதே இடத்தில, அதே பத்தைக்குள்ள கொண்டுபோய் விட்டிட்டு உடனே திரும்பி வரச்சொல்லுங்கோ, நிண்டு பாக்கக்கூடாது, ஆள் நிண்டா தாய் வராது. மனுசக்கை பட்டா தாய் சேர்க்காது எண்டுறது வெறும் கதை. கனநாள் ஆச்செண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 எண்ட நம்பருக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ. பால்மா குடுத்தா கழிச்சல் வரும், குட்டி அதிலயே போயிடும். 1937ஆம் ஆண்டு விலங்கு தாவரச் சட்டப்படி மானை வீட்டில வைச்சிருக்கவும் ஏலாது. அதோட வளர்த்த கிடாமான் வளர்ந்து கொம்பு வந்தாப்பிறகு மனுசனுக்குப் பயப்பிடாது, முட்டும், பிள்ளையள் நிக்கிற வீட்டில அது விளையாட்டில்லை. இண்டைக்கே செய்யுங்கோ.

கேள்வி: மயிலை ரசி முயலை ரசி எண்டு எழுதுறீங்கள். என்ர கச்சானையும் பயறையும் திண்டிட்டுப் போறதை ஆர் ரசிக்கிறது? (முள்ளியவளை, ஒரு விவசாயி)

பதில்: ஐயா, உங்கட கோவம் நியாயமான கோவம். தோட்டம் செய்யாதவன் மயிலைப் பற்றிக் கதைக்கிறது லேசு. 2025 மார்ச் 15 காலமை 8 மணியில இருந்து 8.05 மட்டும் நாடு முழுக்க குரங்கு, மர அணில், மயிலெல்லாம் அவனவன் வளவில எண்ணச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பயிரழிவு அந்தளவுக்கு வந்திட்டுது எண்டுதானே எண்ணினது. மயில் கூடச் சேதம் செய்யிறது விதை போட்டு முளைக்கிற நாளுகளில, அந்தக் கொஞ்சநாள் பழைய வலையைப் போட்டு மூடினாலே பாதி தப்பும். மிச்சத்துக்கு முந்தின மாதிரி காவல்கொட்டிலும் ஒரு நாயும்தான், இதைவிட லேசான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

ஆனா ஒண்டு மட்டும் கெஞ்சிக் கேக்கிறன். பன்றி வெடி, கம்பியில தட்டினா தானா வெடிக்கிற கட்டுத்துவக்கு, சுருக்குக்கம்பி, வேலியில கள்ளக் கரண்ட், இது நாலும் வேண்டாம். இதெல்லாம் ஆர் வாறது எண்டு பாக்காது. பன்றிக்கு வைச்ச வெடியை யானைக்குட்டி கடிச்சு, வாய் சிதறி, தண்ணிகூடக் குடிக்க ஏலாம கிடந்துதான் சாகும். விறகுக்குப் போன பிள்ளையின்ர கால் கட்டுத்துவக்கின்ர கம்பியில படலாம். இதை வைக்கிறவனை நான் வேட்டைக்காரன் எண்டு சொல்லமாட்டன், எதைச் சுடுறன் எண்டு கண்ணால பாக்காதவன் என்ன வேட்டைக்காரன்.

கேள்வி: நான் மல்லாவி, இப்ப டொரொன்டோவில. என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரர் ஒருத்தர் ஒவ்வொரு நவம்பரும் லைசன்ஸ் எடுத்து மான்வேட்டைக்குப் போறவர். அதே ஆள் பனிக்காலத்தில வீட்டுக்குப் பின்னால குருவியளுக்கு விதை கட்டித் தூக்கிவிட்டு, வளவுக்கு வாற மானை பிள்ளையளோட யன்னலால பாத்துக்கொண்டு இருக்கிறார். இவையளின்ர மனசு எனக்கு விளங்கேல்ல.

பதில்: தம்பி, ஒட்டுசுட்டான் அப்பான்ர மனசுதான் அதுவும். அங்க வேட்டைக்காரர்தான் காட்டுக்குக் காசு குடுத்த ஆக்கள் எண்டும் ஒரு கதை இருக்கு. அமெரிக்காவில 1934இல இருந்து தாரா வேட்டைக்குப் போறவன் ஒரு முத்திரை வாங்கவேணும், அந்தக் காசில சதுப்பு நிலம் வாங்கிக் காக்கினம். 1937இல வேட்டைத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் ஏற்கனவே இருந்த வரிக்காசை மிருகங்களைக் காக்கிற வேலைக்கு ஒதுக்க ஒரு சட்டம் வந்தது. எங்கட விலங்கு தாவரச் சட்டமும் அதே 1937 தான், ஆனா இஞ்ச வந்தது வேற வழி, மானுக்கும் மரைக்கும் இப்ப வெடி வைக்கவே ஏலாது. எங்கட காட்டின்ர அளவுக்கு அதுதான் சரி, அங்கத்தையான் முறையை இஞ்ச கொண்டுவரச் சொல்லி நான் சொல்லேல்ல.

இந்தியாவில பறவையெண்டாலே முதல் ஞாபகம் வாற சலீம் அலியும் சின்னனில எயார்கன்னால குருவி சுட்டுத் திரிஞ்சவர்தான். ஒருநாள் விழுந்த குருவியின்ர தொண்டையில மஞ்சளா ஒரு திட்டு இருந்தது, இது என்ன குருவி எண்டு கேட்டுக்கொண்டு பம்பாயில இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார், பேந்து அவர்ட வாழ்க்கை முழுக்க அதுவாப் போச்சு.

உங்கட சிநேகிதருக்கு ஒண்டு சொல்லுங்கோ, குருவிக்கு விதை சரி, மானுக்குத் தீனி வைக்கவேண்டாம். கூட்டமா வந்து ஒரே இடத்தில வாய் வைக்க ஒண்டின்ர நோய் மற்றதுக்குத் தொத்தும், வட அமெரிக்காவில மானுக்கு மூளையைத் தாக்கிற வருத்தம் ஒண்டு இருக்கு, அதுக்கு மருந்தில்லை. வேட்டைக்காரர் எண்டபடியா அவருக்குத் தெரிஞ்சிருக்கவும் கூடும்.

கேள்வி: யானையும் வருது. அதையும் கதிரை போட்டுப் பாக்கிறதோ? (நெடுங்கேணி)

பதில்: இல்லை. உள்ளுக்குப் போங்கோ. நெல்லையும் உப்பையும் படுக்கிற அறைக்குள்ள அடுக்காதேங்கோ, அந்த மணத்துக்குத்தான் சுவரை இடிக்கிறது.

கேள்வி: வெயிலுக்கு மிருகங்களுக்குத் தண்ணி வைக்கலாமோ? (வவுனியா)

பதில்: வையுங்கோ, ஆனா தட்டையான சட்டியில, நடுவில ஒரு கல்லு போட்டு, தேனீயும் குஞ்சுகளும் விழுந்து சாகாம இருக்க. நாளாந்தம் காலமை ஊத்திப்போட்டு புதுசு விடவேணும், இல்லையெண்டா நுளம்பு பெருகி டெங்குதான். வாசலடியில வேண்டாம், தண்ணிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால பாம்பு வரும். குரங்குக்குச் சோறு வைக்கிறதை மட்டும் நிப்பாட்டுங்கோ. கையால வாங்கிப் பழகினது பேந்து கடிச்சுப் பறிக்கும், கடிச்சா காயத்தை சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிப்போட்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

கேள்வி: எங்கட வளவுக்கு முயல் வர நான் என்ன செய்யவேணும்? (புதுக்குடியிருப்பு, ஏழாம் வகுப்பு)

பதில்: தம்பி, வளவின்ர ஒரு மூலையை அப்பாவைக் கேட்டு புல்லு வெட்டாம விடுங்கோ. காட்டுமுயல் பொந்து தோண்டாது, புல்லுக்குள்ள சின்னப் பள்ளம் மாதிரி ஆக்கி அதுக்குள்ள கிடக்கும், குட்டியும் அங்கதான், பிறக்கேக்கயே கண் முழிச்சு மயிரோட பிறக்கும். நாயைப் பொழுதுபட முன்னம் கட்டிவிடுங்கோ. முயல் வந்ததோ எண்டு காலமை கிணத்துத் தண்ணி ஓடுற ஈரமண்ணில பாருங்கோ, பெரிய காலடி ரெண்டு முன்னுக்கும் சின்னக் காலடி ரெண்டு பின்னுக்கும் இருந்தா அதுதான், பாயேக்க பின்னங்கால் முன்னுக்கு வந்து விழும், நானும் சின்னனில அது பின்பக்கமா நடக்குது எண்டு நினைச்சனான். பிறகு பின்னேரம் போய் இருங்கோ, டோர்ச் அடிக்கவேண்டாம். ஒரு பிடி மண்ணைத் தூக்கி விட்டுப் பாருங்கோ, காத்து உங்களிட்ட இருந்து அது வாற பக்கமா அடிச்சா, கதிரையை மற்றப்பக்கம் மாத்திப் போடுங்கோ.