மதிப்பெண் இருந்தும் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகை கைநழுவிப் போவது ஏன்?

கேள்வி: ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன். வகுப்பில் முதல் சில இடங்களுக்குள் இருக்கிறேன். சிறந்த பயிற்சி மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விருப்பம். ஆனால் என்னைவிட மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. தேர்வுக் குழு என்னதான் பார்க்கிறது? எப்படித் தயாராவது?

பதில்:

மதிப்பெண் ஒரு சல்லடை, அவ்வளவுதான். குறைந்தபட்ச எல்லையைத் தாண்டிய விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு 92-க்கும் 87-க்கும் நடுவே யாரும் பெரிதாக மல்லுக்கட்டுவதில்லை. அந்தக் கட்டிலிருந்து ஒரு விண்ணப்பம் தனியே எடுத்து வைக்கப்படுகிறது என்றால், அதை எழுதியவர் ஒரு மாணவரின் தவறை எப்படிப் பார்க்கிறார் என்பது அதில் தெரிந்திருக்கும். நல்ல மாணவராக இருப்பது வேறு, நல்ல ஆசிரியராகப் போகிறவர் என்று தெரிவது வேறு. உதவித்தொகை இரண்டாமவருக்கானது.

முதலில், எந்த வகை உதவித்தொகை என்று பிரித்துப் பாருங்கள். தகுதியைப் பாராட்டி நிபந்தனை இல்லாமல் தருபவை ஒரு வகை. படித்து முடித்ததும் இத்தனை ஆண்டு, இன்ன வகைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தோடு வருபவை இன்னொரு வகை. இங்கிலாந்தில் இயற்பியல் ஆசிரியராக வருகிறவர்களுக்கு இயற்பியல் நிறுவனமும், வேதியியலுக்கு ராயல் வேதியியல் கழகமும் தரும் உதவித்தொகைகள் முதல் வகை. இதை வாங்கினால் அரசின் சாதாரணப் பயிற்சித் தொகையைச் சேர்த்து வாங்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் 2024-இல் தொடங்கிய காமன்வெல்த் ஆசிரியர் உதவித்தொகை இரண்டாம் வகை. இளநிலை மாணவருக்கு மொத்தம் 40,000 டாலர், முதுநிலைக்கு 20,000. பதிலுக்கு அரசுப் பள்ளியிலோ அரசு நடத்தும் மழலையர் மையத்திலோ முறையே 4 ஆண்டும் 2 ஆண்டும் பணியாற்ற வேண்டும்.

யாரிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவின் ராபர்ட் நாய்ஸ் உதவித்தொகை கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கானது. பணம் தேசிய அறிவியல் அறக்கட்டளையிலிருந்து வந்தாலும், மாணவர் அங்கே நேராக விண்ணப்பிக்க முடியாது. அந்த நிதியைப் பெற்ற பல்கலைக்கழகம்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். இப்படிப்பட்ட திட்டங்களில் உங்கள் துறை அலுவலகத்தில் விசாரிப்பதுதான் முதல் படி. சில இடங்களில் துறையே பெயரைப் பரிந்துரைத்து அனுப்பும். அப்போது துறைக்குள் நடக்கும் தேர்வுக்கான கடைசி நாள், அறிவிப்பில் இருக்கும் கடைசி நாளுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும்.

இனி கட்டுரை. வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான். 'சிறு வயதிலிருந்தே ஆசிரியராக ஆசை', 'கற்பித்தல் புனிதமான பணி' என்று தொடங்கும் கட்டுரைகள் பொய்யில்லை. ஆனால் வருகிற விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டு, அதற்குள் இறங்கி எழுதுங்கள்.

பின்னக் கூட்டலையே எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். 'பொதுப் பகுதி காணும் முறையை மீண்டும் விளக்கினேன், புரிந்துகொண்டார்' என்று எழுதினால் அது சாதாரண விண்ணப்பம். நன்றாக எழுதுகிறவர் முதலில் காரணத்தைச் சொல்வார்: தொகுதியும் பகுதியும் சேர்ந்து ஒரே எண் என்பது அந்த மாணவர் மனதில் இன்னும் பதியவில்லை. மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண் என்று பார்த்து, மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டுகிறார். அப்புறம் தான் கேட்ட கேள்வியைச் சொல்வார்: '2/5 பெரியதா, 1/2 பெரியதா?' ஒரே நீளமுள்ள இரண்டு தாள் பட்டைகளை மடித்துப் பார்த்தால் 2/5 பாதியைவிடக் குறைவு என்று கண்ணுக்கே தெரியும். பாதியோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு பாதியைவிடக் குறைவாக எப்படி வரும்? அந்த இடத்தில் மாணவர் தானாகவே நிற்பார். விதியைச் சொல்லித்தர வேண்டிய நேரம் அதுதான், அதற்கு முன்னால் இல்லை.

இதை எழுத 250 சொல் போதும். கட்டுரைக்கு 500 சொல் வரம்பு என்றால், மீதியில் அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். ஐந்தாகச் சமமாக மடிக்கத் திணறி நேரம் போயிற்று, அடுத்த முறை கோடு போட்ட பட்டையே கொண்டுபோவேன் என்பது மாதிரியான சின்ன விஷயம் போதும். குறையை ஒளிக்க வேண்டாம். தன் பாடத்தில் என்ன பிசகியது என்று சொல்லத் தெரிந்தவரைக் குழு நம்புகிறது. எழுதும்போது மாணவரின் பெயர், அடையாளம் எதுவும் வரக்கூடாது. காணொளி இணைக்கச் சொன்னால், முகம் தெரியும் மாணவர்களின் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் கேட்க குறைந்தது நான்கு வாரம் முன்பே போங்கள். பெரிய பதவியில் இருக்கும் பேராசிரியரைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று அவர் எழுதும் நான்கு வரி எதற்கும் உதவாது. பயிற்சிப் பள்ளியில் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்கள் பாடத்தைக் கவனித்த வழிகாட்டி ஆசிரியரின் கடிதம் அதைவிட எடை கூடியது. அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவர் பார்த்த பாடங்கள், தேதிகள், அவர் சொன்ன திருத்தம், அதை நீங்கள் எப்படிச் செய்தீர்கள். கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்தால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நேர்காணலில் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்வது உண்டு. நாற்பது நிமிடப் பாடத்தைப் பத்துக்குள் திணிப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. ஒரே கருத்து போதும். இரண்டு நிமிடத்தில் கேள்வியைப் போடுங்கள், ஐந்து நிமிடம் அதில் வேலை நடக்கட்டும், மீதி மூன்றில் புரிந்ததா என்று சோதியுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்பது சோதனை ஆகாது, எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு கணக்கையோ வாக்கியத்தையோ தாளில் எழுத வைத்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் உள்ள உதவித்தொகை என்றால் கையெழுத்துக்கு முன் நிதானம் வேண்டும். அமெரிக்க அரசு ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குத் தரும் டீச் கிராண்ட் என்ற உதவித்தொகை ஆண்டுக்கு 4,000 டாலர் வரை. மதிப்பெண் வழியில் தகுதி பெற 4 புள்ளிக்கு 3.25 சராசரி வேண்டும். படிப்பு முடிந்த 8 ஆண்டுக்குள் 4 ஆண்டு, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், ஆள் பற்றாக்குறை உள்ள பாடத்தைக் கற்பிக்க வேண்டும். தவறினால் வாங்கிய தொகை கடனாக மாறும். வட்டி கடனாக மாறிய நாளிலிருந்து இல்லை, பணம் கைக்கு வந்த நாளிலிருந்து. ஒரு பேச்சுக்கு 6 சதவீதத் தனி வட்டி என்று வைத்தால், முதல் ஆண்டு வாங்கிய 4,000 மட்டும் 8 ஆண்டில் 1,920 டாலர் வட்டி சேர்த்துக்கொள்ளும். இந்தத் திட்டத்தில் உண்மையாகவே கற்பித்துக்கொண்டிருந்த பலருக்கும், ஆண்டுச் சான்றிதழை நேரத்துக்கு அனுப்பாததால் உதவித்தொகை கடனாக மாறியது. பெரும் வேதனைக்குப் பிறகுதான் 2021-இல் விதிகளைத் தளர்த்தினார்கள்.

அதனால் எந்த நாட்டு ஒப்பந்தமானாலும் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பள்ளிகள் கணக்கில் வரும்? பகுதி நேர வேலை எப்படிக் கணக்கிடப்படும்? மகப்பேறு, நீண்ட நோய் வந்தால் காலக்கெடு நிறுத்தி வைக்கப்படுமா? 4 ஆண்டில் 3 முடித்துவிட்டு விலகினால் கால் பங்கைத் திருப்பினால் போதுமா, முழுவதுமா? நீங்கள் போக விரும்பும் பகுதியில் அந்தப் பாடத்துக்குப் பணியிடமே இல்லை என்றால் என்ன ஆகும்? பணியில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஆண்டும் தலைமையாசிரியரின் பணிச்சான்றை, அனுப்பியதற்கான ஒப்புகையோடு ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

ஆவணங்களில் அடிக்கடி இடறுவது பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் ஒரு முன்னெழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிக் கணக்கில் முழுப் பெயர் என்றிருந்தால் தேர்வான பிறகும் பணம் நிற்கும். விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். இந்த முறை கிடைக்காவிட்டால், எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வந்தால் அடுத்த விண்ணப்பத்தை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.