வறட்சியில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கலாமா?

"எவ்வளவு சுத்திகரித்தாலும் அது சாக்கடைத் தண்ணீர்தானே, குடித்தால் உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாகச் சுத்திகரித்தால் தாராளமாகக் குடிக்கலாம். நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக்கில் 1968 முதல் குடிக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விசிட்டா ஃபால்ஸ் நகரம், ஏரிகள் வற்றிப்போன 2014இல் இதே வழியில் இறங்கியது. மறு ஆண்டு மழை ஏரிகளை நிரப்பும் வரை அந்தத் தண்ணீர் ஊரைக் காப்பாற்றியது.

வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த நீரை முதலில் நுண்வடிகட்டியில் செலுத்துவார்கள். பாக்டீரியா பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அடுத்து எதிர்ச்சவ்வூடு பரவல்: அதிக அழுத்தத்தில் சவ்வு வழியே நீரைத் தள்ளும்போது உப்பு, வைரஸ், மருந்து எச்சங்கள் பெருமளவு நின்றுவிடும். மிகச் சிறிய சில வேதிமூலக்கூறுகள் மட்டும் நழுவி வரும். அவற்றைச் சிதைக்கத்தான் கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் புறஊதா ஒளி பாய்ச்சுகிறார்கள். ஒரு தடுப்பு தவறினாலும் அடுத்தது பிடிக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. விண்ட்ஹோக்கில் எதிர்ச்சவ்வூடு பரவல் இல்லை. ஓசோனும் கிளர்வூட்டிய கரியும் (மாசை உறிஞ்சிப் பிடிக்கும் கரி) கிருமி, மருந்து எச்சங்களை நீக்கும் வேலையைச் செய்கின்றன.

கழிவுநீரில் உப்பு குறைவு என்பதால், கடல்நீரைக் குடிநீராக்குவதைவிட இதற்கு மின்சாரம் குறைவாகவே ஆகும். சவ்வு ஒதுக்கும் உப்புக் கழிவை எங்கே விடுவது என்பதுதான் கடலில்லா ஊர்களுக்குத் தலைவலி. என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் ஆலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்கவிடாமல் பிரிப்பது. விண்ட்ஹோக் அதை விடாப்பிடியாகச் செய்கிறது.