பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சா துரு போயிருமா?

கேள்வி: அண்ணே, வீடு கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன், அடுத்த தீபாவளிக்குள்ள கொப்புளம் கொப்புளமா எழும்பி துரு கொட்டுது. விலை கூடின பெயிண்டும் வாங்கிப் பாத்துட்டேன்!
- வாசகர், தஞ்சோங் தோக்கோங்

பதில்: பெயிண்டத் திட்டாதீங்க தம்பி, அடிக்கிறதுக்கு முன்னால என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரிகூட எழுதலியே. பழைய துரு மேலயே பூசியிருப்பீங்க, துரு இருக்கே அது இரும்பவிட அதிக இடத்த அடைச்சுக்கும், உள்ள வளர வளர மேல இருக்கிற பெயிண்டத் தூக்கிடும், அதான் கொப்புளம். கூடவே கடல்காத்து உப்பு அந்தக் குழிக்குள்ள உக்காந்துக்கிட்டு ஈரத்த இழுத்து வெச்சுக்கும், பினாங்குல ஈரத்துக்கா பஞ்சம்.

கம்பி பிரஷ், சேண்ட் பேப்பர் போட்டு இரும்பு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் தேய்ங்க. அப்புறம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, உப்பு போகணும்ல, இதத்தான் பலபேர் விட்டுடறாங்க. காஞ்சதும் அன்னிக்கே ஜிங்க், அதாவது துத்தநாகம், அதிகமா உள்ள பிரைமர (பெயிண்டுக்கு அடியில போடற முதல் பூச்சு) அடிச்சிடுங்க, ராத்திரி சும்மா விட்டா காலைல மறுபடியும் மெல்லிசா துரு படிஞ்சு நிக்கும். ஜிங்க் என்ன பண்ணும்னா இரும்புக்குப் பதிலா தான் கரையும், கீறல் விழுந்தாலும் பக்கத்துல இருந்து காப்பாத்தும், ஆனா அது இரும்பத் தொட்டுக்கிட்டு இருக்கணும், நடுவுல துரு இருந்தா பிரயோஜனமில்ல. அதுக்கு மேல எபாக்ஸிங்கிற கெட்டிப் பெயிண்ட், கடைசில வெயில் தாங்கற பாலியூரித்தேன் பெயிண்ட். எபாக்ஸியோட நிறுத்திட்டா வெயில்ல சுண்ணாம்பு மாதிரி பொடி கையில ஒட்டும். விளிம்புலயும் வெல்டிங் இடத்துலயும் பெயிண்ட் மெல்லிசாத்தான் நிக்கும், அங்க இன்னொரு தடவ கூடுதலா அடிங்க.

புது கேட் போடறதா இருந்தா கால்வனைஸ் பண்ணிக் கேளுங்க, ஏறக்குறைய 450 டிகிரில உருகின ஜிங்க்ல முக்கி எடுக்கறது, 1837லயே பிரெஞ்சுக்காரர் சோரெல் பேடண்ட் வாங்கின வித்தை. ஒண்ணு, அது மேல சாதாரண ஆயில் பெயிண்ட நேரா அடிச்சிடாதீங்க, நாளாக நாளாகத் தோல் மாதிரி உரிஞ்சிடும், அதுக்குன்னு தனி பிரைமர் இருக்கு.

கேள்வி: துருப்பிடிக்காதுன்னு நம்பி ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கிரில் போட்டோம், டீ சிந்தின மாதிரி கறை. ஏமாத்திட்டாங்களா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அப்படிச் சொல்ல முடியாதும்மா. அதுல இருக்கிற குரோமியம் மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக்கும், உப்பு தேங்கினா அந்தப் படலமே அரிபடும். கடலோரத்துக்கு மாலிப்டினம்ங்கிற உலோகம் சேர்ந்த 316ங்கிற ரகம் தேவலாம், பலர் போடறது அது சேராத 304 ரகம். இப்போதைக்கு வாரம் ஒருதடவ நல்ல தண்ணில துடைங்க, இரும்பு நார் போட்டு மட்டும் தேய்க்காதீங்க, அந்தத் தூளு ஒட்டிக்கிட்டு அதுவே துருப்பிடிக்கும்.