தீர்வைப் படித்தால் புரிகிறது, தேர்வில் கணக்கு வரவில்லை: ஏன்?

கல்லூரி முதலாண்டு இயற்பியலில் பலருக்கும் வரும் சிக்கல் இது. காரணம், 'பார்த்தால் புரிவது' வேறு, 'வெறுந்தாளில் தானே தொடங்குவது' வேறு. தீர்வைப் படிக்கும்போது எந்த விதியைப் பிடிப்பது என்ற முடிவை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். தேர்வில் சோதிக்கப்படுவதே அந்த முடிவுதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பலமுறை போன வழிதான்; நாமே வண்டி ஓட்டும்போது எங்கே திரும்புவது என்று முழிப்போமே, அது மாதிரி.

சரி, என்ன செய்வது? தீர்வை மூடிவிட்டு முதலில் படம் வரையுங்கள். 30 டிகிரி சாய்தளத்தில் உராய்வின்றி ஒரு கட்டை சறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் செயல்படுபவை இரண்டே விசைகள்: நேர் கீழாக எடை, தளத்துக்குச் செங்குத்தாகத் தளம் தரும் விசை. இந்த இரண்டாவதை முழு எடைக்குச் சமம் என்று எழுதுவதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள் (கட்டையோடு சேர்ந்து!). சரிவு வழியே எடையின் பாதிதான் இழுக்கும் (sin 30° = 1/2). ஆகவே முடுக்கம் சுமார் 4.9 மீ/வி². அப்புறம் உராய்வைச் சேர்த்து அதே கணக்கை மீண்டும் போடுங்கள். பாடவாரியாக இல்லாமல் கணக்குகளைக் கலந்து போடுவது இன்னும் நல்லது. தலைப்பே விடையைக் காட்டிக்கொடுக்காது.

சூத்திரத் தாள் கையில் கிடைத்தால் போதும் என்பது தவறான எண்ணம்: இயக்கச் சமன்பாடுகள் (v = u + at போன்றவை) முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும், சுருள்வில்லில் கட்டிய கட்டைக்குச் செல்லாது என்பதை அந்தத் தாள் பெரும்பாலும் சொல்வதில்லை.