முதலில் பறக்கப் பழகுங்கள், விமானம் பிறகு

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுறன். வயசு 23. அப்பா நாயாற்றுக் களப்பில தொழில் செய்யிறவர். கனடாவில இருக்கிற மாமா பழைய, ரெண்டு பேர் இருக்கிற மிதவை விமானம் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறார். வாங்கிக் கப்பலில அனுப்பினா, முத்தையன்கட்டுக் குளத்தில விட்டு நானே ஓடிப் பழகலாமோ? எவ்வளவு காலம் பிடிக்கும்?

தம்பி, முற்பணம் கொடுக்க வேண்டாமென்று மாமாவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பறக்கப் பழகலாம், தண்ணீரில் இறக்கவும் பழகலாம். 23 அதற்கு நல்ல வயது. நீங்கள் போட்டிருக்கும் ஒழுங்குதான் தலைகீழாக இருக்கிறது.

முதற்காசு மருத்துவப் பரிசோதனைக்குப் போகட்டும். தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண், நிறப்பார்வை, காது, இருதயம் எல்லாம் பார்ப்பார்கள். பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியபிறகு நிறப்பார்வைக் குறைபாட்டை அறிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

சான்றிதழ் கிடைத்தால் இரத்மலானைக்குப் போங்கள். நாட்டின் விமானப் பயிற்சி பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. சர்வதேச நியமப்படி குறைந்தது 40 மணித்தியாலம் பறக்க வேண்டும். அதில் 10 மணித்தியாலம் தனியாக. அந்தத் தனிப் பறப்புகளில் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி எழும்புவதாக இருக்க வேண்டும். வானொலியில் பேசும் ஆங்கிலத்துக்கும் நான்காம் நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். அதை இப்போதே தொடங்குங்கள், அதற்கு விமானம் தேவையில்லை.

நாற்பது என்பது சட்டத்தின் கணக்கு. பலருக்கு ஐம்பத்தைந்து, அறுபது ஆகிவிடும். சாதாரணப் பயிற்சி விமானம் ஒரு மணித்தியாலத்துக்கு முப்பது முப்பத்தைந்து லீற்றர் எரிபொருள் குடிக்கும். கட்டணத்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் வந்து ஒரு பாடம் எடுத்துப் போனால், போன மாதம் படித்ததை மறுபடி படிக்கவே காசு போகும். ஐந்தாறு மாதம் கொழும்பில் தங்கி ஒரே மூச்சில் முடிப்பதுதான் மலிவு.

‘எனக்கு வேண்டியது தண்ணீர், சில்லு வைத்த விமானத்தில் ஏன் பழக வேண்டும்?’ என்று கேட்பீர்கள். இந்த நாட்டின் தண்ணீருக்கு விமானம் புதிதல்ல. 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலை வாவியிலிருந்து எழும்பிப் போன கற்றலீனா பறக்கும் படகுதான் இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. பிற்காலத்தில் செஸ்னா கரவன் நீர்விமானங்கள் பயணிகளோடு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கின. அவையெல்லாம் தேர்ந்த விமானிகளின் கையில் இருந்தவை. புதியவர் ஒருவர் வானத்தையும் தண்ணீரையும் ஒரே நாளில் படிக்கக்கூடாது.

தண்ணீரில் விமானத்துக்குப் பிரேக் இல்லை. இயந்திரம் இயங்கிய கணமே அது நகரத் தொடங்கும். வால் பெரிதாக இருப்பதால் மூக்குத் தானாகவே காற்றுக்கு எதிராகத் திரும்பும். கரைக்கு வரும்போது, இயந்திரத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் காற்று எவ்வளவு தள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். இதில் நீங்கள் மற்ற மாணவர்களைவிட ஒரு படி மேலே. களப்பில் வள்ளம் விட்ட வீட்டுப்பிள்ளைக்குச் சோளகம் தண்ணீரில் போடும் கோடு தெரியும், வாடை திரும்பும் நேரம் தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே நாட்கள் போகும்.

எழும்பும்போது தண்ணீர்ச் சுக்கானை மேலே தூக்கிவிட்டு, கட்டுப்பாட்டுத் தண்டை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, முழு விசை கொடுக்க வேண்டும். மூக்கு உயர்ந்து பின் தாழும். தண்டைத் தளர்த்தினால், மிதவையின் அடிப்பக்கத்தில் படிபோல வெட்டியிருக்கும் இடத்தில் விமானம் வழுக்கி ஓடும். அந்த நிலையில் மூக்கை அளவுக்கு மேல் தாழ்த்தினாலும், அளவுக்கு மேல் தூக்கினாலும் விமானம் குதிக்கத் தொடங்கும். ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிடப் பெரிதாகும். உடனே விசையைக் குறைத்துத் தண்டைப் பின்னிழுக்காவிட்டால் கவிழ வாய்ப்புண்டு.

அலை பயமுறுத்தும், ஆனால் அலையைக் கண்ணால் காணலாம். ஆட்களைக் கொல்வது அசையாத தண்ணீர். ஒன்ராறியோவில் காற்றே இல்லாத ஒரு காலை, ஏரி முழுதும் வானம்தான் தெரிந்தது. பத்தடி உயரத்தில் இருக்கிறேன் என்று நினைத்து மூக்கைத் தூக்கினேன். உண்மையில் முப்பதடி. பயிற்றுநர் விசையைக் கூட்டி மறுபடி எழுப்பியிராவிட்டால் வேகம் இழந்து விழுந்திருப்போம். இப்படியான தண்ணீரில் உயரத்தைக் கண்ணால் கணிக்கவே கூடாது. கரையோரமாக வந்து, மூக்கைச் சற்றே உயர்த்தி, விசையை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 150 அடி வீதம் இறங்கி, மிதவை தானாகத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். 200 அடியிலிருந்து அப்படி இறங்க 80 செக்கன் எடுக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அது இரண்டு கிலோமீற்றருக்கும் கூடின தூரம்.

இப்போது முத்தையன்கட்டை நினைத்துப் பாருங்கள். பட்டமரம் இல்லாத இரண்டு கிலோமீற்றர் நேர்த்தண்ணீர் அங்கே எங்கே இருக்கிறது? குளத்தில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள். மாரியில் நீர் ஏறினால் மரங்கள் அரை அடி தண்ணீருக்குக் கீழே ஒளிந்திருக்கும். சிறுபோகத்துக்குத் துருசு திறந்து நீர் இறங்க இறங்க ஒவ்வொன்றாக வெளியே வரும். நேற்று இறங்கிய இடத்தில் இன்று இறங்கலாம் என்ற உறுதி இல்லை. வலை, மிதப்புக்கட்டை, நீர்க்காகக் கூட்டம் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் தாழப் பறந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும். நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் விரிந்த தண்ணீர் உண்டு. ஆனால் உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும், ஒவ்வொரு பறப்பின் பின்னும் நன்னீரால் முழுதாகக் கழுவ வேண்டும். கொக்கிளாய் பறவைகள் சரணாலயம், சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. அவற்றை விட்டுவிடுங்கள்.

குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. அதை நம்பி வாழ்கிறவர்கள் கமக்காரரும் நன்னீர் மீன்பிடிக்காரரும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் இசைவும் இல்லாமல் வன்னிக்கு மேலே தனியார் விமானம் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். இவ்வளவும் கிடைத்தாலும் இன்னொரு வேலை இருக்கிறது. எங்கள் சனம் விமானச் சத்தத்தைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய சனம். தாழப் பறக்கும் ஒரு சின்ன இயந்திரத்தின் இரைச்சல் ஒரு தாய்க்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிராம சேவையாளருக்கும் சங்கங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முன்கூட்டியே சொல்லாமல் ஒருநாளும் வராதீர்கள்.

மாமா பார்த்த விமானத்தின் வகையை நீங்கள் எழுதவில்லை. பைப்பர் சுப்பர் கப் போன்றது என்று வைத்துக்கொள்வோம். அதன் உச்ச எடை 794 கிலோ, வெற்று எடை ஏறத்தாழ 430. பராமரிப்பும் எரிபொருளும் இரத்மலானையில் தரையில் இருப்பதால் சில்லும் சேர்ந்த மிதவைதான் இங்கே சரிவரும். அது நூறு கிலோவுக்கு மேல் கூட்டும். மிச்சம் 250 கிலோ அளவு. இரண்டு பேருக்கு 150, தாங்கி நிறைந்த பெற்றோலுக்கு 98 என்றால் ஒரு பைக்கும் இடமில்லை. 35 பாகை வெயிலில், கடல்மட்டத்தில் இருந்தாலும் இயந்திரத்துக்கும் இறக்கைக்கும் அது 2400 அடி உயரத்து மெல்லிய காற்றுப் போலத்தான், எழும்பும் வலு குறையும். இன்னோர் ஆபத்தும் உண்டு: சில்லை மடக்க மறந்து தண்ணீரில் இறங்கினால் விமானம் அந்த இடத்திலேயே குப்புறக் கவிழும். இறக்குமதி, பதிவு, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை எல்லாம் இதற்கு மேல். இந்த வகையை இங்கே பதிய விடுவார்களா என்று அதிகாரசபையிடம் எழுத்தில் பதில் வாங்காமல் யாரும் ஒரு டொலர்கூடக் கட்டக்கூடாது.

மாமாவின் காசுக்கு நல்ல வழி இருக்கிறது. இரத்மலானையில் அனுமதிப்பத்திரம் எடுத்து, நூறு மணித்தியாலம் அளவில் சேர்ந்த பிறகு, ஒரு கோடையில் அவரிடம் போங்கள். கனடாவில் நீர்விமானத் தகுதிக்குக் குறைந்தது 7 மணித்தியாலப் பயிற்சியும், தனியாக ஐந்து முறை எழும்பி இறங்குவதும் போதும். மாரியில் ஏரிகள் உறைந்துவிடும், ஆகவே யூன் முதல் செப்ரெம்பருக்குள் போகப் பாருங்கள். அங்கே எடுக்கும் தகுதியை இங்கே உங்கள் பத்திரத்தில் சேர்ப்பார்களா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் கவிழ்ந்த விமானத்திலிருந்து வெளியேறும் பயிற்சி கிடைத்தால் அதையும் எடுங்கள். நீந்தத் தெரிந்தவர்களும் தலைகீழாக இருக்கையில் கதவைத் தேடித் தடுமாறுவார்கள்.

பறப்பதே தொழிலாக வேண்டுமென்றால் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம்வரை போய் மாலைதீவில் துணைவிமானி வேலைக்கு முயலலாம். அங்கே ருவின் ஒற்றர் நீர்விமானங்கள் நாள் முழுக்கத் தீவுகளுக்கிடையில் ஓடுகின்றன. சொந்தமாக ஒன்றும் வாங்காமலே ஆயிரக்கணக்கான முறை தண்ணீரில் இறங்க அதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் இல்லை.

மருத்துவ முடிவு வந்ததும் மறுபடி எழுதுங்கள். மாமா பார்த்த விமானத்தின் வகை, ஆண்டு, இதுவரை உப்புத்தண்ணீரில் ஓடியதா என்ற விபரத்தையும் அனுப்புங்கள்.