சொல்லும் பொருளும்: ‘டீஸ்’ பண்ணுவது பகிடியா, சேட்டையா?

கேள்வி: ‘டீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘கேலி செய்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘டீஸ் அவுட்’, ‘டீஸர்’ என்று வரும் இடங்களில் அந்தப் பொருள் பொருந்தவில்லையே?
— உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: கேலி என்பது அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்த பொருள், மகள். பழைய ஆங்கிலத்தில் அது கம்பளி நாரைப் பிய்த்துச் சிக்கெடுக்கிற வேலையின் பெயர். ‘டீஸல்’ என்றொரு முட்செடி உண்டு. அதன் பெயரும் ‘டீஸ்’ வந்த அதே சொல்வேரிலிருந்து வந்ததுதான். அதன் காய்ந்த பூந்தலையில் சின்னச் சின்னக் கொக்கி போல முள் இருக்கும். நெய்து முடித்த கம்பளித் துணியில் அதை வைத்து இழுத்தால் நார் மேலெழும்பித் துணி மெத்தென்று வரும். உலோகச் சீப்பு துணியில் சிக்கினால் துணி கிழியும்; டீஸல் சிக்கினால் முள்தான் முறியும், துணிக்குச் சேதமில்லை. ஆளைச் சீண்டுவதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். நல்ல பகிடிக்கும் அந்த முள்ளின் குணம்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் தானாகப் புரியும். ‘டீஸ் அவுட்’ என்றால் சிக்கலாய்க் கிடப்பதிலிருந்து ஒன்றை மெல்லப் பிரித்தெடுப்பது. நூலாகவும் இருக்கலாம், தகவலாகவும் இருக்கலாம். மணப்பெண் அலங்காரத்தில் முடியை டீஸ் பண்ணுவது என்றால், சீப்பை நுனியிலிருந்து வேர்ப்பக்கம் தள்ளி வாரி முடியை உப்ப வைப்பது. படத்தின் ‘டீஸர்’ ஆவலைத் தூண்டிவிட்டு நிறுத்திவிடும். இவற்றில் எதிலும் கேலி இல்லை.

எங்கள் ‘கிண்டல்’ என்ற சொல்லும் கைவேலையிலிருந்து வந்ததுதான். கிடங்கு கிண்டுகிறோம், களி கிண்டுகிறோம், ஆளையும் கிண்டுகிறோம்.

கேள்வி: பகிடி, கேலி, நக்கல், நையாண்டி, ஏளனம் எல்லாம் ஒன்றுதானா? மொழிபெயர்க்கும்போது எதைப் போடுவது?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஒன்றல்ல. கேலிக்கு ஆளானவர் சேர்ந்து சிரிக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சிரிக்கிறார் என்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சில் அது பகிடி. மச்சானும் மச்சாளும் ஒருவரை ஒருவர் வாருவது இந்த வகை. அந்த உறவுமுறையே அதற்கு இடம் கொடுக்கிறது. ‘சும்மா பகிடிக்குத்தான் மச்சான்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் கிடிங்’ என்பார்கள். இரண்டு பேரும் மாறி மாறிப் பகிடி விட்டுக்கொண்டால் அது ‘பேன்டர்’. இன்று எல்லோருக்கும் பிடித்த இந்தச் சொல்லை எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் கொச்சை என்று சாடினார்.

சுற்றி நிற்பவர்கள் சிரிக்க, அந்த ஆள் மட்டும் சங்கடப்பட்டால் கேலி, கிண்டல். ‘டீஸ்’ பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் நிற்கும். பேச்சுக்குள் ஒரு குத்து இருந்தால் நக்கல். அதற்கு ‘சார்காஸம்’ கிட்டத்தட்ட ஒத்துவரும். மற்றவரின் நடையையோ குரலையோ செய்து காட்டினால் பழிப்புக் காட்டுதல், ஆங்கிலத்தில் ‘மாக்’. ஆளைத் தாழ்த்துவதே நோக்கம் என்றால் ஏளனம். ‘ரிடிக்யூல்’ என்பதற்கு அதை எழுதுங்கள், பகிடி என்று எழுதிவிடாதீர்கள்.

எதிராளியை உசுப்பேற்றுவதற்கு ‘டோண்ட்’ (taunt) என்பார்கள். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியும் ஒன்றையொன்று பாடுகிற வசைப்பாட்டை ஆங்கிலத்தில் விளக்க நேர்ந்தால் இந்தச் சொல்தான் பொருந்தும். ‘டீஸ்’ என்று போட்டால் அதன் காரம் போய்விடும்.

அங்கதத்தை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவேண்டாம். நேரே சொல்வது செம்பொருள், மறைத்துச் சொல்வது கரந்தது என்று அதைத் தொல்காப்பியம் செய்யுளியலில் இரண்டாகப் பிரிக்கிறது. அது இலக்கிய வகை, ஆங்கிலத்தில் ‘சட்டயர்’.

இன்னொன்று: தமிழ்நாட்டு எழுத்தில் ‘பகடி’ என்று கண்டால் அதை எங்கள் பகிடியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஒரு படைப்பைப் போலச் செய்து கேலி பண்ணுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கேள்வி: ‘ஈவ் டீஸிங்’, ‘ராகிங்’ இரண்டுக்கும் சரியான தமிழ் எது?
— பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவனின் தாய், செங்கலடி

பதில்: ‘ஈவ் டீஸிங்’ தெற்காசிய ஆங்கிலத்தில் மட்டும் புழங்கும் சொல். பஸ்ஸில் ஒரு பெண்ணை உரசுவதையும் பின்தொடர்வதையும் ‘டீஸ்’ என்றால் குற்றம் விளையாட்டாகிவிடுகிறது. அதனால் ‘பெண்களைக் கேலி செய்தல்’ என்று ஒருபோதும் மொழிபெயர்க்கக்கூடாது. பாலியல் தொந்தரவு, பாலியல் சேட்டை என்றே எழுதுங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து இதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது.

‘ராகிங்’குக்கு நம் நாட்டுத் தமிழ் ‘பகிடிவதை’. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் எல்லோருக்கும் தெரிந்த சொல். பகிடி என்று தொடங்கி வதையில் முடிகிறது. நடப்பதை இவ்வளவு சரியாகச் சொல்கிற சொல் ஆங்கிலத்தில்கூட இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், மாணவருக்கோ ஊழியருக்கோ உடல் காயம், உளக் காயம், மனவேதனை, அச்சம் இவற்றில் ஒன்றை உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய செயலைப் பகிடிவதை என்கிறது. செய்தவர் பகிடியாக நினைத்தாரா என்ற கேள்வி அந்த வரைவிலக்கணத்தில் இல்லை. உங்கள் மகனுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள் அம்மா.

கேள்வி: ‘டீஸ்’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதும்போது அடிக்கடி பிழை வருகிறது. எங்கே பிழைக்கிறது?
— சாதாரண தர மாணவன், திருக்கோவில்

பதில்: தமிழில் ‘எனக்குப் பகிடி விட்டான்’ என்ற பழக்கத்தில் ‘ஹி டீஸ்ட் டு மீ’ என்று எழுதிவிடுகிறீர்கள், தம்பி. ‘டு’ வேண்டாம், ‘ஹி டீஸ்ட் மீ’ போதும். எதை வைத்து என்று சொல்ல ‘அபவுட்’ சேருங்கள்: ‘தே டீஸ்ட் ஹிம் அபவுட் ஹிஸ் ஹெயார்கட்’. ‘ஜோக்’ இதற்கு நேர்மாறு. ‘ஹி ஜோக்ட் மீ’ பிழை, ‘ஹி ஜோக்ட் வித் மீ’ சரி.

உச்சரிப்பில், கடைசி ஒலி ‘பஸ்’ என்பதில் வரும் ‘ஸ்’ அல்ல. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்; தேனீ இரைவது போல அதிர்வு தெரியவேண்டும்.

‘மாக் எக்ஸாம்’ என்பதைக் ‘கேலிப் பரீட்சை’ என்று எழுதவேண்டாம். ‘மாக்’ என்பதற்குப் போலச் செய்தல் என்ற பொருளும் உண்டு. அது மாதிரிப் பரீட்சை.